மாமா வீட்டுக்குப் போய்வந்தால் பிடிக்காத பிரேக்

என் வேனுக்கு பிரேக்கே கிடையாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றைக்கும் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தப் பொய். பிரேக் இருந்தது. சில நேரம் பிடித்தது, சில நேரம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எப்போதும் பிடிக்காத பிரேக்காக இருந்தால் நானே கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டிருப்பேன். எப்போதும் பிடிக்கிற பிரேக்காக இருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. இதுவோ பட்டறைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். நாலு பேர் பார்க்கிற தெருவில் என் மானத்தைக் கப்பலேற்றும்.

நான் சொல்லுவது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள். ராஜபாளையத்தில் மில் வந்து, அங்கேயிருந்து நூல் பண்டல்களை ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. வேன் என்றால் இப்போது ஓடுகிற வேனை நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் யாரோ ஒரு துரைக்கு ரொட்டி சுமந்து சுமந்து கிழடாகி, அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிறகு என் கைக்கு வந்த வண்டி. மழை பெய்தால் உள்ளேயிருந்து ரொட்டி வாசனை வரும். ராஜபாளையத்து நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் ஊர் எல்லை வரைக்கும் ஒரு கூட்டம் என் பின்னாலேயே ஓடிவரும்.

அந்தக் காலத்து வண்டிக்கு முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. பின் சக்கரங்களில் மட்டும்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஓர் இரும்பு டிரம், அந்த டிரம்முக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஒரு பட்டை. பெடலை மிதித்தால் பட்டை இறுகி டிரம்மைப் பிடிக்கும். மூடி கீடி எதுவும் கிடையாது. மழையும் புழுதியும் மாட்டுச்சாணியும் தாராளமாக வந்து போகலாம். பிடிக்கும்போது ஒரு சத்தம் போடும் பாருங்கள், கர்த்தரே! பன்றியைப் பிடித்துக் காலைக் கட்டும்போது அது போடுகிற சத்தம்தான். தெருமுனையில் நான் மிதித்தால் தெருக்கோடியில் தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் எனக்குக் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்மாமா இருந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு உறவு என்று மிச்சமிருந்தது அந்த வீடு ஒன்றுதான். மாமாவுக்குக் கொஞ்சம் நஞ்சை, ஒரு கூண்டு வண்டி, ஒரு ஜோடி மாடு, ஒரே மகள். அம்மா உயிரோடு இருந்தபோதே அந்த மகள் எனக்கு என்று வாய்வார்த்தையாகப் பேச்சு இருந்தது. எனக்கு அவள்மேல் உயிர். நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வாரத்தில் பல நாள் ஒருவன் தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்துக்கொண்டு நூல் பண்டல் இறக்கப் போனால் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?

போனால் முதலில் நூலை இறக்குவேன். பிறகு மாமா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அத்தை இலையில் போட்டுக்கொண்டே இருப்பாள், போதும் என்றால் அவளுக்குக் காது கேட்காது. மாமா மகள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சாப்பிட்டதும் முற்றத்து வேப்பமரத்தடியில் கட்டிலில் செத்த நேரம் சாய்வேன். வெயில் தாழ்ந்ததும் வண்டியைக் கிளப்புவேன். இதில் என்ன தப்பு இருக்கிறது சொல்லுங்கள்.

அப்படித்தான் ஒரு நாள் கிளப்பினேன். தெருமுனைத் திருப்பத்தில் மிதித்தேன். கால் உள்ளே போனது. சத்தம் வரவில்லை. வண்டி பாட்டுக்கு எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போய், முனைவீட்டு வைக்கோல் படப்புக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது. நான் கதவைத் திறந்தால் வைக்கோல், வாயைத் திறந்தால் வைக்கோல். அதற்குள் தெருவே கூடிவிட்டது.

மாமா வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். என் மீசையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். அவருக்கு வார்த்தை சிக்கனம், ஆனால் விழுகிற வார்த்தை ஒவ்வொன்றும் தலையில் விழும்.

"ஏலே, ஒன்னையக் குத்தஞ் சொல்லல. ஆனா நிக்காத வண்டிக்காரனுக்கு எப்பிடிலே பிள்ளையக் கெட்டிக் குடுக்க? மொதல்ல பிரேக்க சரியாக்கு. பொறவு வா, கலியாணத்தப் பத்திப் பேசுவோம்."

எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. மீதியை அத்தை வாங்கினாள். அவள் வழியில் சொந்தம் ஒருவன் மம்சாபுரத்தில் இருந்தான். போலீஸில் வேலை. அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று சும்மா சொல்லுவது போலச் சொல்லிவைத்தாள். "அவன் சைக்கிள்லதான் வருவான். அதுக்கு ரெண்டு பிரேக்கு இருக்காம்," என்றாள். இரண்டு பிரேக்காம்! சைக்கிளுக்கு எதற்கு இரண்டு பிரேக்? என்ன, மலையையா சுமந்துகொண்டு வருகிறான்?

வைக்கோலை உதறிவிட்டு மெள்ள மெள்ள ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன். நேரே மேஸ்திரியின் பட்டறைக்குப் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பட்டறையில் தமிழ் பேசுவார். வண்டியோடு பேசும்போது மட்டும் இரண்டையும் கலந்து பேசுவார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். தனக்குத் தெரியாதது மோட்டாரில் எதுவுமே இல்லை என்பது அவருடைய எண்ணம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்க, ஓட்டிக் காட்டு," என்றார். பட்டறைச் சுவரைப் பார்த்து ஓட்டி மிதித்தேன். பன்றிச் சத்தம் போட்டுக்கொண்டு சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி சமர்த்தாக நின்றது.

"ஏமய்யா, நல்லாத்தான நிக்குது?"

"மாமா வீட்டுத் தெருவுல நிக்கல மேஸ்திரி."

"அப்ப ராடு லூசா இருக்கும்," என்று பெடலிலிருந்து பட்டைக்குப் போகிற கம்பியை முறுக்கிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது அற்புதமாகப் பிடித்தது. மாமா வீட்டு வாசலில் வேண்டுமென்றே ஓங்கி மிதித்து, வீடு அதிர நிறுத்தினேன். மாமா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, சக்கரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் தலைநிமிர்ந்து சாப்பிட்டேன், தலைநிமிர்ந்து தூங்கினேன், தலைநிமிர்ந்து கிளம்பினேன். சந்தைத் தெருவில் சட்டிபானை விற்கிற கிழவியின் கடையில் போய் நின்றேன். கடைக்கு முன்னால் அல்ல, கடையில். அந்தக் கிழவிக்கு இருந்த குரல்வளத்துக்கு அவள் பானை விற்றுக்கொண்டிருந்தது வீண். நான் ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் மாமா காதுக்குச் சேதி போய்விட்டது.

மறுபடியும் பட்டறை. மறுபடியும் சுவருக்கு முன்னால் ஜோராக நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சக்கரத்தை ஓர் உதை உதைத்தேன். காலில்தான் வலித்தது. மேஸ்திரி குனிந்து பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது.

"ஆ! ஆக்சில்ல ஆயில் ஒழுகுது. அது பட்டையில ஏறுது. பட்டையில ஆயில் ஏறினா எவன் மிதிச்சாலும் வழுக்கத்தான செய்யும்? ஓட ஓட சூட்டுல காஞ்சுபோகுது, பொறவு பிடிக்குது. அவ்வளவுதான்!"

சொன்னால் நம்பும்படிதான் இருந்தது. ஆக்சிலைப் பிரித்து உள்ளே புதிய தோல் வளையம் போட்டார். எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஒழுகியிருந்தால் குறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். கேள்வி கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

இந்தச் சமயத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நூலை இறக்கிவிட்டு அப்படியே திரும்பினால் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது. ஆலங்குளம் வரைக்கும் போய் வந்தேன், பிடித்தது. ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அய்யனார் கோவில் அடிவாரம் வரைக்கும் போனேன், மேடு பள்ளம் அத்தனையிலும் பிடித்தது. மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மட்டும் பிடிக்கவில்லை. இதை மேஸ்திரியிடம் சொன்னதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வண்டியில குத்தமில்ல தம்பி. ஒன் காலுல குத்தம்."

"என் காலுக்கு என்ன?"

"பொண்ணப் பாத்துட்டு வாரவனுக்குக் காலுல வலு இருக்குமா? மனசு பூராவும் அங்க. மிதிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு மிதிக்காமயே வாரே."

பட்டறையில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்படியா? நீங்களே வந்து சாப்பிட்டு நீங்களே ஓட்டுங்க, பாப்போம்," என்றேன். சாப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு அத்தை கோழி அடித்திருந்தாள். மேஸ்திரி சாப்பிட்டதைப் பார்த்தபோது அவர் பிரேக்கைப் பரிசோதிக்க வந்தாரா, அத்தையின் சமையலைப் பரிசோதிக்க வந்தாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் அவர் படுத்து, குறட்டையும் விட்டார். நான் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். நானும் நன்றாகத் தூங்கிப்போனேன், அது வேறு விஷயம். வெயில் தாழ்ந்ததும் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்மாய்க் கரைக்குப் போகிற சரிவில் வண்டி வேகம் பிடித்தது. "இப்பப் பாரு, காலுன்னா இப்பிடி மிதிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். மிதித்தார். இன்னும் மிதித்தார். பிறகு தெலுங்கில் தன் தாயாரைக் கூப்பிட்டார். கரையில் காயப்போட்டிருந்த வேட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியில் சுற்றிக்கொண்டு வண்டி கண்மாய்க்குள் இறங்கியது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் தானாக நின்றது.

மேஸ்திரி தண்ணீருக்குள் நின்றபடி வெகுநேரம் யோசித்தார். தான் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"சாப்பாடுதான்," என்றார் கடைசியில். "அந்த வீட்டுச் சாப்பாட்டுலதான் கோளாறு."

இந்த அறிவாளியை நம்பியா இத்தனை நாள் அலைந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கண்மாயிலிருந்து வண்டியை இழுக்க மாமாதான் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். மோட்டாரை மாடு இழுத்துக்கொண்டு போகிற காட்சியை ஊர் வாய் நிறையச் சிரித்துப் பார்த்தது. கரை ஏறியதும் மாமா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு மட்டுந்தான் நிக்கலன்னு நெனச்சேன். யாருக்கும் நிக்க மாட்டேங்கு. வார வியாழக்கெழம மம்சாபுரத்துக்காரவிய வீட்டுக்கு வாராவ. ஒங்க அத்தைக்குச் சொந்தம், வேண்டாம்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள இத ஒரு வழி பண்ணுலே."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. லெந்து என்கிற நோன்புக் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் எங்கள் வேதக்கோயிலில் கல்யாணம் கிடையாது. போலீஸ்காரனைப் பார்த்து மாமா தலையை ஆட்டிவிட்டால், என் கல்யாணம் மட்டும் போகாது, எனக்கென்று இருந்த ஒரே வீட்டு வாசலும் போய்விடும். அவள் வேறு வீட்டுக்குப் போன பிறகு நான் எந்த முகத்தோடு அந்த இலையில் உட்காருவேன்? பாழாய்ப்போன ஒரு பட்டை என் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியைத்தான் பிடிக்க மாட்டேன் என்றது.

இரண்டு நாள் கழித்து நூல் இறக்கப் போனேன். மனசு கேட்காமல் மாமா வீட்டுக்கும் போனேன். கிளம்பும்போது மிதித்துப் பார்த்தால், எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை. கியரை வைத்தே ஊர்ந்து ஊர்ந்து ஊர் எல்லைக்கு வந்தேன். அங்கே எங்கள் தெரு மருத்துவச்சி கையைக் காட்டினாள். ராஜபாளையத்தில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள் அவள், என்னையும் சேர்த்து. யாருக்கும் மரியாதை கொடுக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. வண்டியை நிறுத்த முடியாததால், "ஓடியாந்து ஏறிக்கோங்க," என்று கத்தினேன். திட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினாள்.

ஏறி உட்கார்ந்தவள் மூக்கை உறிஞ்சினாள். பின்பக்கம் திரும்பி இன்னொரு தடவை உறிஞ்சினாள். அவள் முகம் மாறிவிட்டது.

"ஏலே, உண்மையச் சொல்லு. எந்த மருத்துவச்சிய ஏத்திட்டுப் போன?"

"யாரையும் ஏத்தலியே!"

"பொய் சொல்லாத. பிள்ள பெத்த வீட்டு வாடை அடிக்கி. நல்ல வெளக்கெண்ண வாடை. எனக்குத் தெரியாம இந்தப் பக்கத்துல எவ பிரசவம் பாக்கா?"

அப்போதுதான் எனக்கும் அந்த வாடை தெரிந்தது. வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி, அது தானாக நின்றதும் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பட்டையை மோந்தேன். சுத்தமான விளக்கெண்ணெய். மோட்டாருக்கு எவனாவது விளக்கெண்ணெய் விடுவானா? ஆக்சிலிலிருந்து விளக்கெண்ணெய் ஒழுகுமா? யாரோ கொண்டுவந்து தடவுகிறான். வேண்டுமென்றே தடவுகிறான். அதுவும் மாமா வீட்டு வாசலில் வைத்து, நான் தூங்குகிற நேரம் பார்த்து!

யார் என்று யோசிக்கவே எனக்குத் தேவையில்லை. அந்த இரண்டு பிரேக் சைக்கிள்காரன்தான். சீருடை போட்டுக்கொண்டு இப்படி ஓர் ஈனத்தனமா? அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, பட்டையை மாதிரியே அவன் கழுத்தையும் இறுக்கிப் பிடிக்கிறேன் என்று மருத்துவச்சியிடம் சபதம் போட்டேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் தொழிலுக்குப் போட்டியாக எவளும் முளைக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

வியாழக்கிழமைக்கு முந்தின நாள் போனேன். வழக்கம்போலச் சாப்பிட்டேன். வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்தேன். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டின் ஓரத்தை ஒரு விரல்கடை தூக்கி வைத்துக்கொண்டேன். குறட்டையும் விட்டேன். மேஸ்திரியின் குறட்டையைக் கேட்டிருந்ததால் அது சுலபமாக வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஈ ஒன்று என் மூக்கில் உட்கார்ந்தது, விரட்ட முடியவில்லை. பிறகு மாட்டுத்தொழுவத்துப் பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பார்த்தேன். வந்தது போலீஸ்காரன் இல்லை. மாமா.

ஒரு கையில் கொட்டாங்கச்சி. இன்னொரு கையில் துணி சுற்றிய குச்சி. முட்டியைப் பிடித்துக்கொண்டு என் வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டாங்கச்சியில் குச்சியை முக்கி, அந்தப் பட்டையைச் சுற்றி, இண்டு இடுக்கு விடாமல், அப்படியொரு பொறுமையாகத் தடவினார். "ஆச்சு, ஆச்சு, இனி அழாத," என்று சக்கரத்திடம் பேசினார்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மோட்டாருக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். "காட்டியாச்சு, சத்தம் போடாத, பிள்ள தூங்குதான்," என்றார் மாமா.

அடப்பாவி மாமா! பிரேக்கைச் சரியாக்கு, பெண் தருகிறேன் என்று நீரே சொல்லி, நீரே எண்ணெய் தடவி வழுக்க விடுகிறீரா? பெண் தர இஷ்டமில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்வீரா? துண்டை வீசிவிட்டு எழுந்தேன்.

"மாமா! போதும் மாமா! என்னைய வேண்டாம்னா வாயால சொல்லுங்க! இப்பிடி ஆளக் கொல்லப் பாக்கிறது நாயமா?"

மாமா கொட்டாங்கச்சியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். திருடிக்கொண்டிருக்கும்போது அகப்பட்டவன் முகம் இல்லை. வெட்கப்பட்ட முகம். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

"என்னலே கத்துத? நீ தூங்கலியா?"

"தூங்கல! இது என்ன?"

"மசகு." அவர் கொட்டாங்கச்சியைப் பின்னால் மறைத்தார். "வண்டி அச்சுக்குப் போடுத மசகு. வெளக்கெண்ணெயில வைக்கோல் கரியக் கொழச்சது. இத நீ பாத்திருக்கக் கூடாதுலே. வீட்டுக்கு வந்தவன் பாக்க மசகு போட்டா, சொல்லிக்காட்டுத மாதிரி ஆயிரும்."

"எதுக்குப் போடுதிய?"

"எதுக்கா? கேக்காம் பாரு கேள்விய!" இப்போது மாமாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்கூட்டு வாசலுக்கு எம்புட்டு வண்டி வருது? வத்தல் யாவாரி வாரான், எருவண்டிக்காரன் வாரான். ஒருத்தன் வண்டிக்காச்சும் போட்டிருக்கனா? பொண்ணு குடுக்கப் போற வீட்டு வண்டியத்தாம்லே காஞ்ச அச்சோட அனுப்பக் கூடாது. ஒங்கப்பன் எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப வாடக வண்டியிலதான் வந்தான். அதுக்கும் எங்க அய்யா தன் கையால மசகு போட்டுத்தான் அனுப்பினாரு. ஒன் வண்டி என்னடான்னா வாசல்ல வந்து நிக்கயிலல்லாம் அச்சு வறண்டு போய் ஊளையிடுது. கேக்கவே பாவமா இருந்துச்சு. நாலு பேரு என்ன நெனப்பான்? தங்கச்சி மவன் வண்டிக்கு மசகு போடக்கூட எனக்கு நாதியில்லன்னு நெனக்க மாட்டானா?"

எங்கள் வீட்டில் என்றைக்கும் மாட்டு வண்டி இருந்ததில்லை. இப்படி ஒரு மரியாதை உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. வைக்கோல் படப்பு, சட்டிபானைக் கடை, கண்மாய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன்னால் வந்து போயின. ஒவ்வொரு தடவையும் இந்த மனிதர் எனக்குப் பெண் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாமா," என்றேன். "அது அச்சு இல்ல மாமா. அதுதான் பிரேக்கு. அது சத்தம் போட்டாத்தான் பிடிக்குதுன்னு அர்த்தம். நீங்க மசகு போட்டா வழுக்கும்."

மாமா பட்டையைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். தெருமுனைப் படப்பு இருந்த திசையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப... கம்மாய்க்குள்ள போனதும்..."

"ஆமா மாமா."

"அந்தப் பான விக்கிறவ கடையும்..."

"ஆமா மாமா."

அடுப்படியில் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மாமா மகளோ அடக்கக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னிடம் நேராகப் பேசாதவள் அன்றைக்குத்தான் நேராகப் பேசினாள்.

"மொத நாளே அப்பா மசகுக் கொட்டாங்கச்சியத் தூக்கும்போதே ஒங்களுக்குத்தான் என்னையக் குடுக்காருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏன் அத்தான் கோட்டி பிடிச்ச மாதிரி மூஞ்சியத் தூக்கிட்டு அலைஞ்சிய?"

"எனக்குத் தெரியாதே! மம்சாபுரத்துப் போலீஸ்காரனுக்கு..."

"அவன் சைக்கிளுக்கா?" என்று மாமா உறுமினார். "வாரவன வராதன்னு சொல்ல முடியுமா? காப்பி குடிச்சிட்டுப் போவான். ஒரு சொட்டு எண்ண விட மாட்டேன்!"

மாமா உடனே சீமைத்தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். மண்ணெண்ணெயை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். தாமே கந்தலை நனைத்து, தாம் தடவிய மசகைத் தாமே துடைத்து எடுத்தார். துடைத்துக்கொண்டே பெருங்கவலையோடு, "அப்ப நான் எங்கதாம்லே போட?" என்று கேட்டார். வெறுஞ்சக்கரத்தோடு என்னை அனுப்ப அவருக்கு மனமே வரவில்லை. முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன். மனிதர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாணமாகிப் பல வருஷம் வரைக்கும் என் வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டும் மசகு மூடி மேடிட்டுக் கிடந்தன.

பிறகு, "ஓட்டிக் காட்டு, பாப்போம்," என்றார். சொன்ன சொல் சொன்னதுதானே, பிரேக் பிடித்தால்தான் கல்யாணப் பேச்சு. நான் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன். மாமா மாடுகளைத் தண்ணீருக்கு அவிழ்த்துக்கொண்டு, இரண்டு கயிற்றையும் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அத்தை கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா மகள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரே வாசலைப் பார்த்து வந்து, கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டு ஓங்கி மிதித்தேன்.

பிடித்தது! அதுவரை அந்த வண்டி அப்படி ஊளையிட்டுக் கேட்டதே இல்லை. வாசற்படிக்கு ஓர் அடி முன்னால் அறைந்த மாதிரி நின்றது. மாடுகள் இரண்டும் மிரண்டு வாலைத் தூக்கிக்கொண்டு தெருவில் பாய்ந்தன. மாமா கயிற்றை விடவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தன.

"நின்னுட்டுலே!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் மாமா. வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "ஒன் வண்டி நின்னுட்டு! வார ஞாயித்துக்கெழமையே கோயில்ல கலியாண ஓலை வாசிக்கச் சொல்லிருதேன்! எம் மவளுக்கும் ஒனக்கும்! ஏ மாடே, நில்லு! ஓலைலே, ஓலை!"

தெருவிலிருந்த அத்தனை வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். அடுத்த தெருவிலும் நின்றார்கள், கண்மாய்க் கரை வரைக்கும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரி ஐயர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஓலை வாசித்தார். ஒருவரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஓலையை ஊர் பூராவும் மாமா ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார்.